இருவர் கையெழுத்து

கோதென்பர்க்,
14 நவம்பர் 1999

அன்புள்ள தலைவருக்கு,

இரண்டே உறுப்பினர் மிஞ்சிய சங்கத்துக்குத் தலைவர் ஒரு கேடா என்று முணுமுணுக்காதீர்கள். மாதக் கூட்டம் கடிதத்திலாவது நடந்தாக வேண்டும் என்று சொன்னவரே நீங்கள்தான்.

என் தீர்மானம் இது. நாம் கூட்டாகப் பணம் போட்டு நடத்திய பங்குச் சங்கத்திடம் மிஞ்சியிருப்பது அந்த டெலிபோன் கம்பெனிப் பங்குகள் மட்டும். அவற்றை விற்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். அவற்றின் விலை ஏறுகிற வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்று டிராம் ஓட்டுகிறவர் சிவப்பு விளக்கில் நின்றதும் திரும்பி, "அம்மா, நீங்க எதுல போட்டிருக்கீங்க?" என்றார். "முதல்ல ரோட்டைப் பாருப்பா" என்றேன். ஊரே இப்படிப் பேசத் தொடங்கினால் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

என் மகன் மக்னுஸ் போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். காப்பி ஆறும்வரை கைபேசியில் பங்கு விலை பேசிவிட்டுக் கிளம்பிவிட்டான். மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வடக்கே நம் லூலியோவை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. இந்தக் கட்டடத்தில் இன்னும் யாருக்கும் என் பெயர் தெரியாது.

மறைந்த நம் சங்க உறுப்பினர் ரூனேயின் வீட்டை என்ன செய்யப்போகிறார்களாம்? பேக்கரிக்கு மேலே, உங்கள் தெருமுனையில் இருக்கிறதே, அது. சும்மா கேட்டேன்.

அன்புடன்,
மாய்லிஸ்

லூலியோ,
28 நவம்பர் 1999

அன்புள்ள செயலாளர் அம்மாவுக்கு,

தீர்மானம் கிடைத்தது. தலைவர் ஒப்பவில்லை. தினமும் காலையில் டி.வி.யில் செய்தி எழுத்தாக வரும் பக்கத்தில் விலையைப் பார்க்கிறேன். ஏறிக்கொண்டே போகிறது. ஓடுகிற குதிரையை எதற்கு நிறுத்த வேண்டும்? விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. என் கையெழுத்து இப்போதைக்குக் கிடையாது.

ரூனே வீட்டை அவர் அண்ணன் மகள் விற்கப்போகிறாள். யார் வாங்குவார்கள்? பேக்கரி வாசனை விடியுமுன்னே ஆளை எழுப்பிவிடும்.

இங்கே மதியமே இருட்டிவிடுகிறது. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்தேன். ஒருவனுக்கு அளவாகச் செய்ய இன்னும் கைவரவில்லை. நாலு நாளாக அதையே தின்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று மட்டும் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

உங்கள்,
ஈவெர்ட்

கோதென்பர்க்,
16 ஜனவரி 2000

அன்புள்ள ஈவெர்ட்,

போன வாரம் விலை விழுந்ததைப் பார்த்தீர்களா? மூன்று நாளில் மறுபடி ஏறிவிட்டது என்று பதில் சொல்வீர்கள். எனக்குப் பயமே அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான். மாடிப்படியில் தள்ளாடுகிறவன் மேலே போனால் என்ன, கீழே வந்தால் என்ன?

இந்தப் பங்கை வாங்கச் சொல்லி நான் ஒரு வருடம் உங்களிடம் மன்றாடினேன். ஏழு பேர் உட்கார்ந்த கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான் கடைசிவரை தலையாட்ட மறுத்தவர். காப்பிப் பொடியைக் கரண்டியில் வழித்து அளக்கிற மனிதர்! அந்த ஈவெர்ட்டுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்?

விற்பனைத் தாளில் நான் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரூனே வீட்டுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். ஜன்னல்கள் ஆற்றைப் பார்த்துத்தானே?

மாய்லிஸ்

லூலியோ,
13 பிப்ரவரி 2000

அன்புள்ள மாய்லிஸ்,

நீச்சல்குள நீராவி அறையில் எல்லோரும் இதே பேச்சுதான். நம் பாதிரியாரே துண்டைக் கட்டிக்கொண்டு, "ஈவெர்ட், இப்ப வித்தீரு, காலம் பூரா அழுவீரு, பாத்துக்கும்" என்று உபதேசம் செய்கிறார். கடவுளின் ஆளே சொல்லும்போது நான் என்ன செய்ய?

ஆனாலும் உங்களுக்காக வங்கிவரை போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அந்தப் பெண், "என்ன சார் வேணும்?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா, வெளியே குளிரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரூனே வீட்டு விலையைத் தனித்துண்டில் எழுதியிருக்கிறேன். ஜன்னல்கள் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கின்றன. பல் மருத்துவர் ஒருவர் மனைவியோடு வந்து இரண்டு முறை பார்த்துப் போனார். உங்களுக்கு ஏன் அந்த வீட்டின் மேல் இத்தனை அக்கறை? ரூனே நினைவாக ஏதாவது வேண்டுமா? அவருடைய நீலக் காப்பிக் கோப்பைகளைக் கேட்டுப் பார்க்கட்டுமா?

ஈவெர்ட்

கோதென்பர்க்,
5 மார்ச் 2000

ஈவெர்ட்,

கோப்பை வேண்டாம்.

இந்த மாத நடுவுக்குள் கையெழுத்து வேண்டும். இன்றைய விலைக்கு என் பாதியும் கையிருப்பும் சேர்ந்தால் எனக்குப் போதும், அதற்கு மேல் ஒரு குரோனாரும் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள். தயவுசெய்து.

மாய்லிஸ்

லூலியோ,
26 மார்ச் 2000

அன்புள்ள மாய்லிஸ்,

நான் கையெழுத்துப் போடவில்லை. மாத நடு தாண்டட்டும் என்றே கடிதத்தையும் தள்ளிப்போட்டேன். விலை இறங்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் சொன்னதே சரி.

குதிரை, பாதிரியார் எல்லாம் வெறும் சாக்கு. ஏறினால் எனக்கென்ன, இறங்கினால் எனக்கென்ன? இந்த வயதில் நான் என்ன வாங்கப்போகிறேன்? விற்றுவிட்டால் சங்கம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு எனக்கு எழுத உங்களுக்கு ஒரு காரணமும் இருக்காது. வாசலிலிருந்து தபால்பெட்டிவரை பனியை வெட்டி வழி வைத்திருக்கிறேன், எப்போதாவது வரும் உங்கள் கடிதத்துக்காக. அந்தப் பெட்டிக்கு வேறு யாரும் எழுதுவதில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

ஈவெர்ட்

கோதென்பர்க்,
16 ஏப்ரல் 2000

ஈவெர்ட்,

விலை எங்கே கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரூனே வீட்டைப் பல் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் போனில் கேட்டுக்கொண்டபடி மார்ச் நடுவரை எனக்காக நிறுத்தி வைத்திருந்ததாக ரூனேயின் அண்ணன் மகள் சொன்னாள்.

ஆமாம், நான்தான் வாங்க இருந்தேன். உங்கள் தெருமுனைக்கு வர. நடந்து வந்து உங்கள் மணியை அடித்து, "கூட்டம் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்க.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எழுபத்திரண்டு வயதில் ஒருத்தி ஊரைத் தாண்டி வருகிறேன் என்று எழுதி, நீங்கள் "எதற்கு?" என்று கேட்டிருந்தால்? நீங்கள் கேட்கக்கூடியவர். ஒரு பெண் ஒரே வீட்டைப் பற்றி இரண்டு கடிதத்தில் விசாரிக்கிறாள், நீங்கள் கோப்பை வேண்டுமா என்கிறீர்கள்.

ஐந்து மாதம் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து விலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரமாக வருகிறது. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

மாய்லிஸ்

லூலியோ,
23 ஏப்ரல் 2000

அன்புள்ள மாய்லிஸ்,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் முட்டாள். இதைவிடக் கௌரவமான வார்த்தை கிடைக்கவில்லை.

புது விற்பனைத் தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். விலையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டு வங்கிக்கு அனுப்பினால் சங்கம் முடிந்தது. அதன் பிறகு எனக்கு எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆறு தெரியாது, அடுத்த வீட்டுக் கூரைதான் தெரியும். வருகிறீர்களா, மாய்லிஸ்? நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

ஈவெர்ட்

லூலியோ,
13 ஜூன் 2000

அன்புள்ள மாய்லிஸ்,

இன்று வங்கியில் என் பாதி வந்து சேர்ந்தது என்றார்கள். "அந்தம்மா கையெழுத்து போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். "போட்டாத்தானே சார் பணம் வரும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அப்படியானால் என் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. படித்திருக்கிறீர்கள். நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதத்துக்குச் சங்க வேலை எதுவும் காரணமில்லை.

கோடை வந்துவிட்டது, இங்கே இப்போது இரவே கிடையாது. வெளிச்சம் இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வராது என்று முன்பு சொல்வீர்கள். மாடி அறை ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கி மாட்டியிருக்கிறேன்.

ஈவெர்ட்