ஒரு பக்கம் அமுங்கிய இருக்கை

வீட்டைத் தனியாகத் தாங்குகிற என் மனைவிக்கு,

நான் சுகம். உன் கழுத்துவலி குறைந்ததா? நம் வாயாடிக்கு ஆடின பல் விழுந்ததா?

போன வாரம் முதலாளி என்னை, விலைக்கு வந்த பழைய புல்டோசர் பார்க்க அனுப்பினார். மண்ணைச் சுரண்டி அள்ளும் ஸ்கிரேப்பரைப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றுக்குப் புது பெயின்ட், செயின் தேய்ந்திருந்தது. மற்றதில் இருக்கையின் வலப்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது. ஸ்கிரேப்பர் இழுப்பவன் நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பான். அதனால் விழுந்த பள்ளம் அது. வேலை பழகிய வண்டி என்று அதையே எடுக்கச் சொன்னேன்.

லாரியில் ஏற்றும்போதுதான் மீட்டர் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு பெண், ஒரு குழந்தை.

"இதை ஓட்டினவர் எங்கேங்க?"

"அவரா? ஊருக்குப் போயிட்டாருப்பா" என்ற விற்பவர், அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குப் போகிறவன் இந்தப் படத்தை விட்டுவிட்டா போவான்?

வண்டி தங்கம், நீ பயப்படாதே. அந்தப் பள்ளம் எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு முறை பின்னால் பார்த்துவிட்டு முன்னால் திரும்பும்போதும் அந்த இருவரும், யார் திரும்புகிறார் என்று பார்க்கிறார்கள். படத்தைப் பெயர்த்தெடுக்க மனசு வரவில்லை.

யாராவது இங்கே வந்தால் என் பழைய தலையணையைக் கொடுத்தனுப்பு, பள்ளத்தில் போட. உங்கள் படம் ஒன்றும் அனுப்பு. வண்டியில் ஒட்டமாட்டேன், சட்டைப்பையிலேயே இருக்கும்.

ஹாரன் அடிக்கிறார்கள், ஓடுகிறேன். உங்கள் படத்தை இங்கே விட்டுவிட்டு நான் ஊருக்குக் கிளம்பிவிட்டதாக யார் சொன்னாலும் நம்பாதே.

உன்னவன்