ஒரு நம்பரில் இரண்டு சம்பளம்

1995 பங்குனி 14, செவ்வாய்

கடிதத்தைப் பிரிக்கும்போது இவர், இவருடைய தம்பி சிவம், நான் மூவரும் இருந்தோம். சம்பளம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம் எங்களுக்கு இல்லையாம். வருமானம் கூடவாம். அகதி வழக்கில் தோற்ற சிவத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை; வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் இவருக்குக் கொடுத்த சின் நம்பரில்தான் வேலை செய்கிறான். இரண்டு சம்பளமும் இவர் பெயரில் விழுந்துவிட்டது.

"உள்ளதை எழுதிப் போடுவமோ?" என்றேன்.

"எழுது. அவனை ஊருக்குப் பிளேனில ஏத்திவிடுவாங்கள்," என்றார் இவர்.

சிவம் சிரித்தான். "அங்க ஆமிக்காரன் பிடிச்சு அடைச்சு வைச்சுச் சும்மா சாப்பாடு தருவான், அண்ணி. பிள்ளையளின்ர காசை விடாதேங்கோ."

நாங்கள் சிரிக்கவில்லை.

பொய் எழுதவும் கை வரவில்லை, உண்மை எழுதவும் வரவில்லை. பிள்ளையாரப்பா, வெள்ளிக்கிழமை பதில் போடவேண்டும். அதற்குள் எனக்கொரு வழி சொல்லு.