மூன்றரைக் கிலோ குளோரின்

6 ஏப்ரல் 2025, ஞாயிறு
நீச்சல் குளத்துக் கணக்கை இன்று கையில் எடுத்தேன். முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், நாலடி ஆழம். ஐம்பத்தோராயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நாளைக்கு மூன்று கிராம் குளோரின். கடைத் தூளில் அறுபத்தைந்து சதவீதம்தான் குளோரின் என்பதால் 235 கிராம் போட வேண்டும். மாதம் ஏழு கிலோ. முனிராஜ் எழுதிக் கொடுத்திருப்பது பத்தரை! இருபது வருடம் ஆடிட் பார்த்தவளிடமா?

8 ஏப்ரல்
முனிராஜ் வந்தார். இரண்டு வருடமாக பொம்மனஹள்ளியிலிருந்து வந்து குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, மீதி மூன்றரைக் கிலோ எங்கே போகிறது என்று கேட்டேன்.

"கணக்கெல்லாம் தெரியாது மேடம். டெஸ்ட் கிட்ல கலர் வர்ற வரைக்கும் போடறேன். தண்ணி கேக்குது."

"தண்ணி கேக்குதா, வேற வீட்டுக் குளம் கேக்குதா?"

கேட் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாவியை நான் கேட்கவேயில்லை.

11 ஏப்ரல்
எங்கள் லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் என் கணக்கைப் போட்டு, முனிராஜிடம் ஜாக்கிரதை என்று எழுதினேன். இன்னும் நாலு வீட்டில் அவர்தான். நாலு பேரும் நிறுத்திவிட்டார்களாம். எதிர்வீட்டு உமேஷ் சார் கைதட்டும் படம் அனுப்பினார். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

19 ஏப்ரல்
தினமும் நானே 235 கிராம் நிறுத்துப் போடுகிறேன். தண்ணீர் பச்சை. "உன் கணக்கு தண்ணிக்குப் புரியல போல," என்கிறார் என் வீட்டுக்காரர். முறைத்தேன்.

26 ஏப்ரல்
இலை அள்ளலாம் என்று குளத்தின் அந்தக் கோடியில் வலைக் கம்பை இறக்கினேன். தரை தட்டவில்லை. இன்னும் இறக்கினேன். வெளியே எடுத்து ஈரத்தை அளந்தேன் – எட்டடி.

இந்த வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. வீட்டோடு வந்த குளம். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்போம், அதைத் தாண்டிப் போனதில்லை. அதனால் குளம் முழுக்க நாலடி என்று எழுதிவிட்டேன். இங்கே நாலு, அங்கே எட்டு, சராசரி ஆறு. திரும்பப் போட்டேன். பத்தரைக் கிலோ. அவர் எழுதிய அதே பத்தரை.

என்ன காரியம் பண்ணிட்டேன். ஆழம் எவ்ளோ போட்டீங்கன்னு கேக்கறதுக்குக்கூட அந்த மனுஷனுக்கு நான் இடம் குடுக்கலையே.

27 ஏப்ரல்
போன் செய்தேன். தப்பு என்னுடையது, திரும்ப வாருங்கள் என்றேன்.

"பரவால்ல மேடம். அஞ்சு வீடும் போனதும் பீன்யால ஃபேக்டரில சேந்துட்டேன். ஷிஃப்ட் வேலை, வர முடியாது."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"தண்ணி பச்சையாயிடுச்சா? வெயில் எறங்கினப்பறம் ரெண்டு கிலோ போடுங்க. பக்கெட்ல மொதல்ல தண்ணி, அப்பறம் பவுடர். மாத்திப் போட்டுடாதீங்க, மூஞ்சில அடிக்கும்."

திட்டியிருந்தால் தேவலை.

2 மே
தெளிந்துவிட்டது. நான் இறங்கவில்லை.

3 மே
குழுவில் எழுதினேன்: கணக்குத் தப்பு என்னுடையது, முனிராஜ் ஒரு கிராம்கூட எடுக்கவில்லை. மூன்று கட்டைவிரல் வந்தது. வேறொன்றும் இல்லை.

25 மே
காலை நடையில், புதிதாகக் குடிவந்த லாவண்யாவிடம் உமேஷ் சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "பூலுக்கு ஆள் வைக்கறப்ப பாத்து வைங்கம்மா. இங்க ஒருத்தன் குளோரின் திருடிட்டிருந்தான். மரகதம் மேடம்தான் கண்டுபுடிச்சாங்க."

அங்கேயே நிறுத்தி, நாலடி, எட்டடி எல்லாவற்றையும் சொன்னேன். உமேஷ் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு லாவண்யா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, எவ்ளோ நல்ல மனசு. அவனக் காப்பாத்த பழியத் தன் மேல போட்டுக்கறாங்க."