மல்லிகாவின் ஐஸ் பெட்டி

ஆகஸ்ட் 6, புதன்

விட்டு விட்டு மழை. துணி எதுவும் காயவில்லை. மஸ்கட்டிலிருந்து கார்த்தி போன். ஓணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது, மாதக் கடைசியில் வருகிறான். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒன்றரை வருஷம். பேச்சு சுவாரசியத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

போனை வைக்கப்போகும்போது சொன்னான்: "அம்மா, பெரியம்மாகிட்ட இப்பவே செம்மீன் வாங்கி வைக்கச் சொல்லு. ஓணம் அடுத்தா வெல கூடும்."

பெரியம்மாவிடம். இறாலை நீயே வாங்கி வை என்று என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பெரியம்மா என்றால் மல்லிகா. என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் பெண்டாட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம். பேரை முழுதாக எழுதக்கூட மனமில்லை, இனி ம. போதும். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான், இவருக்கும் அவனுக்கும் மலையாளம்தான் ஓடும். அதனால் தைரியமாக எழுதலாம். எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடியுமுன் இவரை எழுப்பி, ஸ்கூட்டரில் தோப்பும்படி மீன்பிடி ஹார்பர். ம.விடம் சொல்லவில்லை. ட்ராலிங் தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய் வருகின்றன. எங்கே பார்த்தாலும் இறால். புடவை நனைந்து, செருப்பில் ஐஸ் தண்ணீர்.

மீன் விற்கிற மேரிச் சேச்சி என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "மல்லிகா வந்நில்லே?"

இல்லை.

"அவளுக்குன்னு நல்ல நாரன் மாற்றி வெச்சிருக்கேன். வருவாளா?"

நாரன் என்றால் வெள்ளை இறால். விரல் தடி, கண்ணாடி மாதிரி. எனக்கு முன்னால் குவித்து வைத்திருந்தது பொடிசு. என்ன தோன்றியதோ, "அக்காதான் என்னை அனுப்பினாங்க" என்றேன். வாய் கூசவில்லை. ம.வுக்கு எடுத்து வைத்த ஐந்து கிலோவும் என் பைக்கு வந்தது. இவர் ஸ்கூட்டர் பக்கம் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாது.

மதியம் வரை சுத்தம் செய்தேன். தலை கிள்ளி, தோல் உரித்து, முதுகைக் கீறி நரம்பை எடுத்து. விரலெல்லாம் முள் குத்தி வீக்கம். ம. மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ சாந்தி, ஏன் தோடெல்லாம் உரிக்கற? தல மட்டும் கிள்ளு. டப்பால போட்டு, முங்கற அளவு வெள்ளம் ஊத்தி ஐஸாக்கு. ஆறு மாசம் ஆனாலும் பச்ச மாதிரி இருக்கும்."

தண்ணீரில் ஊறினால் ருசி என்ன இருக்கும்? அவள் சொன்னதாலேயே செய்யவில்லை. உப்பு, மஞ்சள் பிசறி, பாலித்தீன் பைகளில் கட்டி, ஃப்ரிட்ஜின் மேல் அறையில் திணித்தேன். ஐஸ் ட்ரே வெளியே. இவர் மோருக்கு ஐஸ் கேட்டார், இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

- கேஸ் புக் பண்ண
- கார்த்தி அறைக்கு ஜன்னல் திரை
- பச்சை மிளகாய், சோம்பு
- தலையணை உறை (நீலம் வேண்டாம்)

ஃப்ரீசரை அடிக்கடி திறந்து பார்க்கிறேன். இவர்: "அது முட்டையா, அடை காக்கறே?"

ம. வந்தாள். சிரித்துக்கொண்டே வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "நான் அனுப்பினேன்னு சொல்லி வாங்கினியாமே! மேரிச் சேச்சி சொல்லிச் சிரிச்சா." எனக்கு முகம் சுட்டது. "பரவால்ல, எனக்கு மறுநாளே கிட்டி. கார்த்திக்குத்தானே ரெண்டும்."

கோபப்பட்டிருக்கலாம். நானாக இருந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருப்பேன்.

அவள் வீட்டுப் பின்பக்கம் அந்த ஐஸ் பெட்டி இருக்கிறது. அவள் புருஷன் கடையில் ஐஸ்கிரீம் விற்ற காலத்துப் பெட்டி, மூடியில் கோன் படம் பாதி உரிந்திருக்கும். கார்த்தி சின்னதில் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் சாப்பிடுவான். நான் எர்ணாகுளத்தில் துணிக்கடையில் நின்றுகொண்டிருப்பேன். காலையில் படகுத்துறையில் போட் ஏறினால், திரும்பும்போது அவன் சாப்பிட்டு முடித்து, வாயெல்லாம் அவள் வைத்த இறால்கறியின் குடம்புளி வாசத்தோடு இருப்பான். அந்தச் சம்பளம்தான் அவனைப் படிக்க வைத்தது. ஆனால் சம்பளத்துக்கு வாசனை இல்லையே.

தென்காசியில் எங்கள் வீட்டில் இறால் என்றால் கருவாட்டுக் கடையில் பார்ப்பதுதான். இங்கே வந்த புதிதில் அதைத் தொடவே அருவருப்பு. இறாலைக் கையில் எப்படிப் பிடித்து உரிப்பது என்று காட்டித் தந்ததே ம.தான். அது வேறு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெருமழை. எங்கேயோ மரம் விழுந்து லைன் அறுந்ததாம், மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர், கீழே துணி விரித்தேன்.

மதில் பக்கம் குரல். "சாந்தி, செம்மீனெல்லாம் இங்க கொண்டா. என் பெட்டி மூடியத் திறக்காம இருந்தா ஒரு நாள் தாங்கும். இடமிருக்கு."

"இப்ப வந்துரும் அக்கா."

"வரல்லேன்னா?"

"வந்துரும்."

வரவில்லை. இவர், "கொடுத்துட்டு வாயேன், என்ன போகுது?" என்றார். என்ன போகும் என்று இவருக்கு எப்படிச் சொல்ல. என் இறால் அவள் பெட்டிக்குள் போய்விட்டால் அப்புறம் அது அவள் இறால்தான். கார்த்தி வந்ததும் மூடியைத் திறந்து எடுத்துக் கொடுக்கப்போவது அவள் கை.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம்தான் கரண்ட் வந்தது. பைகளைத் தொட்டுப் பார்த்தேன், கொழகொழ. முகர்ந்தேன். ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் மறுபடி கல்லாகிவிட்டது. கல்லானால் சரிதானே.

ஆகஸ்ட் 30, சனி

வந்துவிட்டான்! கறுத்து, கன்னம் ஒட்டி, தாடி. என்னைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து தூக்கினான். எனக்கு அழுகை. பையை இறக்கி, கால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். "பெரியம்மாவ ஒண்ணு பாத்துட்டு வரேன்."

போனவன் சாயா குடித்து, அவியல் தின்று, சிரித்துப் பேசி, சோறு ஆறிய பிறகு வந்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் அவன் சிரிப்பு மட்டும் எனக்கு. எனக்கு வாங்கி வந்த அதே சென்ட் பாட்டில் அவளுக்கும். அளவு பார்த்தேன், ஒன்றுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இறால் தொக்கு. பையைப் பிரித்தபோதே தெரிந்தது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உலர்ந்து, லேசாக ஒரு வாடை. கீழே கொட்டியிருக்கலாம். இஞ்சியும் பூண்டும் இரண்டு மடங்கு போட்டு மறைத்தேன். வாணலியில் சுருண்டு ரப்பராகிவிட்டது.

இவர் ரசத்துக்குத் தாவிவிட்டார். கார்த்தி மென்றான், மென்றுகொண்டே இருந்தான். "நல்லாருக்கும்மா." கை கழுவப் போன பிறகு தட்டைப் பார்த்தேன். கறிவேப்பிலைக்கு அடியில் மென்ற இறாலையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறான். என் மனம் நோகக்கூடாதென்று.

மிச்சத்தை மதிலோரம் பூனைக்குக் கொட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

செப்டம்பர் 1, திங்கள்

வெயில். கார்த்தி காலையிலேயே கூட்டாளிகளோடு ஃபோர்ட்கொச்சி பக்கம் போய்விட்டான்.

பின்வாசலில் ம. கையில் ஐஸ்கிரீம் டப்பா, உள்ளே இறாலோடு ஒரே ஐஸ் பாளம். "பூனகூட தொடாம செம்மீன் கிடக்கறதப் பாத்தேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "இத நீயே வையி. நான் தந்தேன்னு பறைய வேண்டா. எனக்கு வேலை கிடக்கு."

அந்த டப்பாவை அவள் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பச்சைத் தண்ணீரில் பாளம் கரையக் கரைய ஒவ்வொன்றாக வந்தன. தோலோடு, பளபளவென்று, நேற்றுப் பிடித்தவை போல. அவள் செய்கிற மாதிரி தேங்காய்க்கொத்தும் குடம்புளியும் போடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கோழிக்கு அரைக்கிற மசால்: மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய். சட்டியின் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டான். மறுபடி சோறு போட்டுக்கொண்டான். சட்டியை வழித்துப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றரை வருஷமாக நான் மனதில் பார்த்துக்கொண்டிருந்த முகம் அதுதான். பிறகு விரலை நக்கிக்கொண்டே கேட்டான்: "பெரியம்மா கொடுத்துவிட்டாங்களா?"

இறால் அவளுடையது. மசால் என்னுடையது. நேற்று நான் வைத்ததைத் தின்றவன் அவன், இன்று நான்தான் என்றால் நம்புவானா?

"ஆமாண்டா" என்றேன்.

எச்சில் கையோடு மதில் பக்கம் போய்க் கத்தினான். "பெரியம்மா! இன்னைக்கி புது மாதிரி வச்சிருக்கீங்க! எப்பவும் வைக்கறத விட இதான் டாப்!"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவள் சும்மா சிரித்திருந்தால் போதும். முடிந்திருக்கும்.

"அது நான் வச்சதில்லடா. உன் அம்மா வச்சது."

கார்த்தி திரும்பி என்னைப் பார்த்தான். "பின்ன ஏம்மா ஆமான்னு சொன்னே?"

சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அவள் அந்தப் பாராட்டை எடுத்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருப்பேன். அதையும் கெடுத்துவிட்டாள்.