பேனரில் என் முகம்

செவ்வாய் இரவு.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர் வைத்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை விளம்பரம். பட்டுச்சேலையில் நான், என் கருப்பு நிறத்தோடு, கன்னத்துத் தழும்போடு. எதையும் அழிக்க மாட்டோம் என்று முதலாளி சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அம்மா அனுப்பிய போட்டோவில் நான் சிவப்பு. தழும்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் வந்து இறங்குவார்கள்.

"கால்ல விழுந்தாவது எடுத்துரச் சொல்லுடி."

முதலாளியிடம் கேட்டேன். "ஒன் முகத்தப் பாத்துத்தாம்மா சனம் கடைக்கு வருது. தீபாவளி வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

திரும்பும்போது பேனரடியில் ஒரு காலேஜ் பொண்ணு, என் நிறந்தான், செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா, இது நீங்கதானே?" என்றாள்.

துப்பட்டாவைக் கன்னத்தில் இழுத்துக்கொண்டு, இல்லை என்றேன்.