டேகேர் ஃபீஸைக் கூட்டிய மாதம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அன்ஸியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகன் நௌஷாதும் பேரனும் அந்தக் குளிரில் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மழை இன்னும் இறங்கவில்லை, புழுக்கம் தாங்க முடியவில்லை. அத்தாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் ஆட்டோவை நிறுத்த மாட்டேன் என்கிறார்.

போன வாரம் போனில் நீ, டப்ளினில் உன் மகனை விடும் க்ரெஷில் ஃபீஸைக் கூட்டிவிட்டார்கள், நோட்டீஸ் அனுப்பினார்கள், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை என்று சலித்துக்கொண்டாய். நான் பேச்சை மாற்றினேன். ஏன் அம்மா ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டாய், சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே விழுந்து எனக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், அதனால் நிதானமாக, கடைசி வரை வாசிப்பாய் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

பெருநாள் முடிந்த கையோடு நான் டேகேர் வைத்திருக்கும் அந்த இரண்டு அறைக்கும் வாடகையைக் கூட்டிவிட்டார்கள். பால், கேஸ், மளிகை எல்லாம் ஏறிக் கிடக்கிறது. கும்பளங்கியிலிருந்து பஸ் ஏறி வந்து பிள்ளைகளுக்குப் பீ மூத்திரம் அள்ளுகிற அம்முவுக்குச் சம்பளம் கூட்டியே நாளாகிவிட்டது, அவள் வாய்விட்டுக் கேட்பவளும் இல்லை. கூட்டாமல் முடியாது என்று ஆனது. நௌஷாத்தான் அப்போது போனில் யோசனை சொன்னார், எல்லோருக்கும் ஒரே கணக்கு, தேதி போட்டு எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள், ஆள் ஆளாகப் பேசப் போனால் ஆளாளுக்குக் குறைக்கச் சொல்வார்கள் என்று. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவரைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அம்மு நல்ல கையெழுத்தில் மலையாளத்தில் எழுதினாள், ஒட்டினோம்.

பெரிதாகச் சண்டை ஒன்றும் வரவில்லை. ஹோட்டலில் சமையல் செய்யும் சேவியர், "எல்லாத்தினும் வில கூடி இத்தா, நிங்ஙள் என்து செய்யும்", எல்லாம் விலை ஏறிவிட்டது, நீங்கள்தான் என்ன செய்வீர்கள் என்று எனக்காகவே பரிந்து பேசினான். ஜூ டவுன் யூதத் தெருவில் பழம்பொருள் கடையில் நிற்கும் ஷபானா சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். சங்கரி மட்டும் அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், நம் தெருக்கோடியில் சுக்குக் கிடங்கில் வேலை. புருஷன் வீரபாண்டி கட்டட வேலைக்கு மங்களூர் போனவன், அவனிடமிருந்து பணம் வந்தால் உண்டு. மகள் ஒச்சம்மாளுக்கு மூன்று வயது முடியவில்லை, நாங்கள் ஒச்சு என்று கூப்பிடுவோம், அம்முவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும் பிள்ளை. சங்கரிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை, அன்ஸியா. தமிழ் பேசுகிற நான், தமிழ் பேசுகிறவளுக்கு ஒரு வரி தமிழில் எழுதவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குப் புரிந்தது. எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "எவ்வளவுக்கா கூடியிருக்கு" என்று கேட்டாள். சொன்னேன். "சரிக்கா" என்று சொல்லிப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்தச் சரியைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஒச்சு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். மறுநாளும் வரவில்லை, போன் போட்டால் எடுக்கவில்லை. வேறு எங்கேயாவது குறைந்த ஃபீஸில் சேர்த்திருப்பாள், நம்மிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அம்முவிடம் சொன்னேன். தெருக்கோடி வரை நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஷபானா ஓடி வந்தாள். சங்கரி பிள்ளையைக் கிடங்குக்கே கொண்டுபோய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறாள். பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது என்பதால் மேஸ்திரிக்குத் தெரியாமல், சத்தம் போடாதே என்று அதட்டி வைத்திருக்கிறாள். சுக்கு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கரைசலில் முக்கிக் காயவைப்பார்கள் இல்லையா, அந்தச் சுண்ணாம்புத் தொட்டியில் பிள்ளை கையை விட்டு அளைந்திருக்கிறது, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கியிருக்கிறது. எரிச்சல் தாங்காமல் அலறிய பிறகுதான் அப்படி ஒரு பிள்ளை அங்கே இருப்பதே மற்றவர்களுக்குத் தெரிந்ததாம்.

அத்தா ஆட்டோவை எடுத்தார், சங்கரியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையை உள்ளே கொண்டுபோன பிறகு சங்கரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள், சேலை முழுக்கச் சுண்ணாம்பு. பக்கத்தில் உட்கார்ந்து, ஏன்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் ஏதாவது வழி செய்திருப்பேனே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை. "எல்லாரும் நிக்கையில எப்படிக்கா கேக்குறது. கொறச்சுக் குடுத்தா பிள்ளையையும் கொறச்சுத்தான பாப்பாங்க. அம்முக்கா அப்படி இல்லைன்னு தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல" என்றாள். பிறகு, "என் தப்புத்தான்க்கா" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். டாக்டர் வலது கண் தப்பித்துவிட்டது, இடது கண்ணில் பார்வை திரும்புவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காகிதத்தை அன்று மாலையே கிழித்துப் போட்டேன். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே உட்காரவைத்து, சாயா கொடுத்து, என் செலவு இது, உன்னால் எவ்வளவு முடியும் என்று கேட்டேன். ஷபானா கூட்டியதற்கு மேலேயே தருகிறேன் என்றாள். சேவியர் அந்த ஃபீஸே தனக்குக் கஷ்டம்தான் என்று அப்போதுதான் சொன்னான், அன்றைக்கு எனக்காகப் பேசியவனும் அவன்தான். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒருத்தி, மற்றவர்கள் குறைத்துத் தர நான் ஏன் கூடுதல் தர வேண்டும் என்று பிள்ளையை நிறுத்திக் கூட்டிப்போய்விட்டாள். அவள் கேட்டதும் தப்பில்லை. தினம் கொடுத்த முட்டை இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான். அம்முவுக்குப் பாதிதான் கூட்ட முடிந்தது. இது எத்தனை நாள் ஓடும் என்று எனக்கே தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து சில வாரம் ஆகிறது. நேற்று வீரபாண்டி வந்து இருவரையும் ஊருக்கு அழைத்துப் போனான். மதுரையில் வேறு டாக்டரிடம் காட்டப் போகிறார்களாம். ஒச்சுவுக்கு ஃபீஸே வேண்டாம், இங்கேயே விடு என்று நான் கேட்டுப் பார்த்தேன். "இல்லக்கா, இனி அந்தக் கிடங்கு வாசல்ல என்னால கால் வைக்க முடியாது" என்றாள் சங்கரி. பிள்ளை எதுவும் தெரியாமல் உள்ளே ஓடி அம்முவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது நான் பிள்ளையின் இடப்பக்கம் நின்று ஒச்சு என்று கூப்பிட்டேன். குரல் வந்த பக்கம் கண்ணைத் திருப்பவில்லை, முகம் முழுவதையும் திருப்பித்தான் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். கண்டதும் சிரித்தாள்.

டேகேரை மூடிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று நீ சொல்வாய். இப்போது மூடினால் மிச்சப் பிள்ளைகள் எந்தக் கிடங்கில் உட்காரும் என்றுதான் எனக்கு ஓடுகிறது, அதனால் வரவில்லை. நீ அங்கே ஃபீஸ் விஷயமாகப் பேசப் போனால் உனக்காக மட்டும் பேசாதே. பக்கத்தில் யாராவது ஒரு தாய் ஒன்றும் கேட்காமல் சரி என்று தலையாட்டிக்கொண்டு நின்றால், வெளியே வந்து அவளிடம் தனியாகக் கேள்.

நௌஷாதுக்கு என் ஸலாம். பேரனுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் மூவரின் கண்ணையும் கையையும் காலையும் காத்து, நீண்ட ஆயுளைத் தருவானாக, ஆமீன். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, டீ குடித்த உடனே போடாதே.

உனக்காகத் துஆ கேட்கும்
அம்மா,
பத்ருன்னிசா ரஷீது