மாசி போட்ட காளான்

மார்கழி 24, இரவு

நாளை நத்தார், யேசு பாலன் பிறந்த நாள். மீன், இறைச்சி, பால், முட்டை எல்லாம் விட்டபின் எனக்கு வரும் முதல் பெருநாள். கறிமிளகாய்க்குள் அடைக்கவென்று பாண் துண்டுகளை உதிர்த்து, காளானும் புதினாவும் மல்லியிலையும் போட்டு வதக்கி மூடிவைத்துவிட்டு, கோயிலில் பாலன் குடில் சோடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சட்டியில் மாசிக் கருவாட்டு மணம்.

"வாசத்துக்குக் கொஞ்சம் தூள் போட்டனான், பிள்ளை. மாசியெல்லாம் மீனே?" என்றார் மாமி.

"மீன்தான், மாமி. நீங்களே சாப்பிடுங்கோ."

மீன்பிடி ஊரான பேசாலையில் இருந்துகொண்டு மீன் வேண்டாம் என்பவளுக்கு விசர் என்று சிரித்தார் என் கணவர். இருக்கட்டும். காளான் முடிந்துவிட்டது. மிச்சப் பாணையும் இலைகளையும் வைத்து மறுபடி செய்தேன். நாளை மேசையில் கோழிக்குப் பக்கத்திலேயே வைப்பேன்.

மாசிப் பேணியை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். திறப்பு தலையணைக்குக் கீழே.